இரண்டாம் நபர்

திங்கட்கிழமை காலையில் ஆறு கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும், அந்த வாரம் முழுக்க மகள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருப்பாள். ஒன்று, தையல் கம்பெனியில் துணி வெட்டும் மேசைக்கு முன்னால். மற்றொன்று, மூன்றாவது மாடியில், அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில். கைதேர்ந்த மந்திரவாதிக்கும் லேசில் கைகூடாத வித்தை அது. மகளுக்கு ஒரு பேனா போதும்.

“அக்கா, பேனாவப் பாத்தீங்களா? எட்டேகால் பஸ்ஸு போயிடும்.”

“கொண்டையில சொருகியிருக்கீங்க பாருங்க.”

சாப்பாட்டு டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சமையலறை மேடையில் பச்சைத் தாளை வைத்து, நின்றபடியே கையெழுத்துப் போடுவாள். தாளின் ஏழாவது வரியில் இப்படி அச்சடித்திருந்தது: ‘நோயாளியைத் தூக்கும்போதும் இடம் மாற்றும்போதும் இரண்டாம் நபர் உடனிருந்தார். கையொப்பம்.’ திங்கள் முதல் சனி வரை ஆறு கட்டங்கள். ஞாயிற்றுக்கிழமை அவளே வீட்டில் இருப்பாள், அன்றைக்குத் தாள் கிடையாது.

“இன்னும் வியாழக்கிழமையே வரல. அதுக்குள்ள வியாழக்கிழமைக்கு அப்பாவத் தூக்கியாச்சு.”

“நல்லாத்தான் தூக்கினீங்க. இடுப்பு பிடிச்சுக்கிச்சா?”

“போங்கக்கா” என்று சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டுவாள். மாடிப்படியில் அவள் இறங்கும் ஓசை தேய்ந்த பிறகு அந்த வீட்டில் இரண்டே பேர் இருப்பார்கள். சாயங்காலம் ஆறரை வரைக்கும் அந்த இரண்டு பேர்தான்.

ஒருவர், படுக்கையில் கிடக்கும் டிரைவர். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். ஓய்வுபெற்ற இரண்டாம் வருஷம் பல் துலக்கிக்கொண்டே சாய்ந்தார். வலது பக்கம் முழுக்கச் செத்துவிட்டது, பேச்சும் அதோடு போய்விட்டது. காது கேட்கும், சொல்வது புரியும். இடது கை மட்டும் பழையபடி கிண்ணென்று இருந்தது.

இன்னொருத்தி, கம்பெனி அனுப்பும் பராமரிப்புக்காரி. நாற்பத்தேழு வயது. வெளிர்நீல மேல்கோட்டு, அதில் இரண்டு பொத்தான் காணோம். இந்த வேலையில் பதினோரு வருஷம் இருக்கிறாள், எட்டுப் பேரை நல்லபடியாக வழியனுப்பி வைத்திருக்கிறாள். தெருவில் அவளுக்குக் கண்டக்டரக்கா என்று பேர். பஸ்ஸில் ஏறினாலே வாந்தி எடுக்கிறவளுக்கு அந்தப் பேர் வந்ததற்கு டிரைவர்தான் காரணம்.

அவள் வந்த முதல் வாரம் அவர் தொடவே விடவில்லை. முதுகுக்கு அடியில் கை கொடுத்தால் இடது கையால் தள்ளிவிடுவார். அவளுக்கு முன்னால் வந்த நாலு பேரும் ஓடிப்போனது அந்தக் கைக்குப் பயந்துதான். ஐந்தாம் நாள், சலிப்பில், கட்டிலின் பக்கக் கம்பியில் விரல் முட்டியால் டொக் டொக் என்று இரண்டு தட்டுத் தட்டி, “ரைட், போலாம்” என்று சொல்லிவைத்தாள். சும்மா வாய்க்கு வந்ததுதான்.

தள்ள எழுந்த கை அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்ல இறங்கி, படுக்கையின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குமிழைப் பற்றி, இடது பக்கம் தள்ளி மேலே ஏற்றியது. முதல் கியர். அவருக்குக் கியர் போட்ட கையும் இடது கைதான். உயிரோடு மிஞ்சிய கையும் அதுதான். அவருடைய பாதி வாய் சிரித்தது, கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. அவளும் அழுதுவிட்டாள். வேலைக்குப் போகிற வீட்டில் அழக்கூடாது என்பது அவள் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம், அது அன்றைக்கு உடைந்தது.

அதிலிருந்து அவர்களுக்குள் ஒரு பாஷை வந்துவிட்டது. முதல் கியர் என்றால் சரி, தூக்கு. ரிவர்ஸ் என்றால் மறுபக்கம் திருப்பிப் போடு. டாப் கியர் எப்போதாவதுதான் விழும், மசித்த சோற்றில் உப்பு சரியாக இருக்கும் அன்றைக்கு. உள்ளங்கையால் படுக்கையை அமுக்கினால் ஹாரன். ஹாரன் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும், தாமதமானால் ரோடெல்லாம் தண்ணீர். குமிழை இடமும் வலமுமாக ஆட்டினால் நியூட்ரல். நில், அசையாதே என்று அர்த்தம்.

இரண்டு தட்டு தட்டாமல் அவள் அவரைத் தொட மாட்டாள். அவர் முதல் கியர் போடாமல் தூக்க மாட்டாள். எட்டு மாதத்தில் ஒரு கீறல் விழவில்லை. முதுகுத் தோல் குழந்தையின் தோல் மாதிரி இருந்தது.

பதினொரு மணிக்கு அவரைச் சக்கர நாற்காலிக்கு மாற்றி, ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போவாள். அங்கிருந்து தெருமுனை தெரியும். அந்த முனையில்தான் பஸ்கள் திரும்பும். பஸ் திரும்பும்போது அவர் கையும் ஸ்டியரிங்கைச் சுற்றும். எவனாவது தாமதமாக பிரேக் பிடித்தால் நாக்கால் ‘ச்சு’ என்பார். அந்த ஒரு சொல் மட்டும் பேச்சோடு போகாமல் தங்கியிருந்தது. நாளின் இருபத்துநாலு மணி நேரத்தில் அவர் மனுஷனாக இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். மிச்சமெல்லாம் மோட்டுவளை பார்த்துக் கிடப்பது.

பச்சைத் தாள் வந்தது பிறகுதான். கம்பெனிக்கு ஏதோ தரச்சான்று வாங்கப் போகிறார்கள் என்று பேச்சு. தாளைக் கொண்டுவந்தவர் மேற்பார்வையாளர். எதைக் கேட்டாலும் கட்டத்தில் டிக் அடித்தாகிவிட்டதா என்று திருப்பிக் கேட்பதால் பெண்கள் அவரை டிக் சார் என்பார்கள். அவரும் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியில் ராப்பகலாக ஆள் தூக்கியவர்தான், இடுப்பில் இன்னும் பெல்ட் கட்டியிருந்தார்.

“இரண்டாம் நபர்னா யாரு சார்? இன்னொரு ஆள் அனுப்பறீங்களா?”

“குடும்பத்துல ஒருத்தர்.”

“குடும்பமே ஒருத்தர்தான் சார். அவங்களும் வேலைக்குப் போயிடறாங்க.”

“அப்ப தூக்காதீங்க. தனியாத் தூக்கக் கூடாது, அதுதான் விதி. உங்க இடுப்புக்கும் நல்லது. என் இடுப்பப் பாருங்க.”

“தூக்கலன்னா முதுகு புண்ணாயிடுமே சார்.”

“புண்ணாகக் கூடாது. அதுக்கு ஒன்பதாவது வரி இருக்கு பாருங்க, ‘படுக்கைப் புண் இல்லை’. அதுலயும் டிக் வரணும்.”

“தூக்கவும் கூடாது, புண்ணும் ஆகக் கூடாதா?”

டிக் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் சொல்லத் தெரியாதவர் இல்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தவர்.

“நான் ஒண்ணும் சொல்லலம்மா. கட்டம் காலியா இருந்தா மேல கேள்வி வரும். அவ்வளவுதான்.”

அன்றைக்குச் சாயங்காலமே மகளும் அவளும் கூடிப் பேசி, திங்கட்கிழமைக் கையெழுத்து என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை என்றுதான் இருவருக்கும் பட்டது. எங்கேயோ ஒரு மேசையில் அமர்ந்திருக்கும் யாருக்கோ ஆறு கட்டம் நிறைய வேண்டும், நிறைத்துக் கொடுத்துவிட்டால் அவரும் நிம்மதி, நாமும் நிம்மதி.

தாளோடு இன்னொன்றும் வந்தது. நாற்காலியில் நோயாளி உட்கார்ந்திருக்கும் படம், பதினொன்றிலிருந்து பதினொன்று ஐந்துக்குள் கம்பெனிக்குக் கைபேசியில் போய்ச்சேர வேண்டும். சேராவிட்டால் அவள் பேருக்கு ஒரு சிவப்பு மார்க். ஒரு மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் அவளை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள். அந்த மாதம் அவளுக்கு இரண்டு விழுந்திருந்தது. ஒன்று, சோறு தொண்டையில் சிக்கிக்கொள்ள, நிமிர்த்திப் பிடித்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த நாள். மற்றொன்று, அவர் ஒரு பஸ்ஸைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது குறுக்கே போய் நிற்க மனசு வராத நாள்.

அந்த வாரம் பிடித்த மழை விடவே இல்லை. சமையலறைக் கொடியிலும் கதவுகளின் மேலும் நாற்காலி முதுகிலும் ஈரத் துணி தொங்கியது. நாலு நாளாகக் காயாத துணியின் முடை நாற்றம் வீடெல்லாம் நின்றது. கட்டிலுக்கு அளவெடுத்துத் தைத்த விரிப்புகள் மூன்றும் ஈரம். வியாழக்கிழமை காலை மகள் அலமாரியிலிருந்து தன்னுடைய பெரிய விரிப்பை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

“இது பெரிசா இருக்கேக்கா.”

“ஓரத்த மடிச்சு உள்ள சொருகிக்கறேன். நீங்க கிளம்புங்க, மழை வலுக்குது.”

பத்தே முக்காலுக்கு ஹாரன் அடித்தார். சட்டி வருவதற்குள் காரியம் நடந்துவிட்டது. வயிறு சரியில்லை. அவள் முகம் சுளிக்கவில்லை. வெந்நீர் வைத்து, துடைத்து, பவுடர் போட்டு, வேறு சட்டை மாட்டி நிமிர்ந்தபோது கைபேசியில் பதினொன்று இரண்டு. பெரிய விரிப்பு ஒரு பக்கம் உருவிக்கொண்டு கிடந்தது. நாற்காலியை இழுத்து கட்டிலோடு ஒட்டி நிறுத்தி, சக்கரத்துக்குப் பிரேக் போட்டாள். அவரை விளிம்புக்கு நகர்த்தி உட்காரவைத்து, இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு கம்பியில் இரண்டு தட்டு தட்டினாள்.

“ரைட், போலாம்.”

கை எழுந்து குமிழைப் பிடித்தது. இடமும் வலமுமாக ஆடியது.

நியூட்ரல்.

அவள் பார்த்தாள். பார்க்கவில்லை என்று பிற்பாடு எத்தனையோ தடவை தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள், ஒட்டவில்லை. நன்றாகவே பார்த்தாள். பதினொன்று நாலு. “ஒரே நிமிஷம் டிரைவரய்யா, ஒரு படம் எடுத்துட்டு என்னன்னு கேக்கறேன்” என்று சொல்லிக்கொண்டே தூக்கினாள்.

பாதி எழுந்தவர் எங்கேயோ கட்டுண்டதுபோல நின்றார். உணர்ச்சியற்ற வலது கணுக்காலில் விரிப்பு இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அவர் அதைக் கண்ணால் பார்த்துத்தான் கையை ஆட்டியிருக்கிறார். அவள் இழுக்க, விரிப்பு பின்னுக்கு இழுக்க, எழுபத்தெட்டு கிலோ உடம்பு அவள் மேல் சரிந்து, அவளையும் சேர்த்துக்கொண்டு தரையில் விழுந்தது. விழுகிற எந்த மனுஷனும் செய்வதை அவரும் செய்தார். உயிருள்ள கையை ஊன்றினார். மரக்கிளை ஒடிவதுபோல ஒரு சத்தம்.

ஜன்னலில் தலையை நீட்டி அவள் போட்ட கூச்சலில், கீழே இஸ்திரி போடுகிறவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மூன்று மாடி ஓடிவந்தார். எட்டு மாதத்தில் அந்த வீட்டுக்குள் உண்மையாகவே வந்த முதல் இரண்டாம் நபர் அவர்தான்.

மணிக்கட்டில் இரண்டு எலும்பும் போயிருந்தன. விரல் நுனி மட்டும் தெரிய, முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டுப் போட்டு, அசையாமல் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார்கள். ஆறு வாரம் என்றார் எலும்பு டாக்டர். வெட்டுமேசையிலிருந்து ஓடிவந்த மகள், தலைமுடியில் துணிப் பிசிறோடு அப்பாவின் காலடியில் நின்றாள்.

“எப்படிக்கா?”

“விரிப்பு கால்ல சுத்திக்கிச்சும்மா.”

அது பொய்யில்லை, பாதி உண்மை. மீதிப் பாதியை அவள் விழுங்கினாள்.

சனிக்கிழமை மத்தியானம், மகள் அரைநாள் விடுப்புப் போட்டிருக்க, டிக் சார் கோப்போடு வந்தார். ஈரக் குடையை வாசலில் சாய்த்துவிட்டு, கட்டிலருகே போய்ப் பார்த்து, உண்மையாகவே உச்சுக்கொட்டினார். பிறகு உட்கார்ந்து அந்த வாரத் தாளை எடுத்து, வியாழக்கிழமைக் கட்டத்தைக் காட்டினார்.

“இது உங்க கையெழுத்துத்தானம்மா?”

“ஆமா சார்.”

“வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க?”

கண்டக்டரக்கா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழைத் தண்ணீர் ஜன்னல் விளிம்பிலிருந்து சொட்டியது.

“அவசரப்படாம சொல்லுங்க” என்றார் டிக் சார். “நான் சொல்றதக் கேட்டுட்டுச் சொல்லுங்க. நீங்க இல்லன்னு சொன்னா, இந்தக் கையெழுத்து பொய். பொய்யாக் கையெழுத்துப் போட்ட வீட்டுக்குக் கம்பெனி ஆள் அனுப்பாது. தனியாத் தூக்கினதுக்கு இந்தம்மா பேரு பட்டியல்ல ஏறும். அப்புறம் எந்தக் கம்பெனியும் எடுக்க மாட்டாங்க. நீங்க இருந்தேன்னு சொன்னா, விதிப்படி ரெண்டு பேர் இருந்தீங்க. குடும்பத்தார் கை நழுவிடுச்சு. இந்தம்மாவுக்கு ஒண்ணும் இல்ல, கம்பெனிக்கும் ஒண்ணும் இல்ல.”

“எது நடந்ததுன்னு கேக்கறீங்களா சார், எது வேணும்னு கேக்கறீங்களா?”

“நான் எழுதிக்க வந்திருக்கேம்மா.”

மகள் அப்பாவைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் கண்டக்டரக்காவுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். கோபம் இல்லை, கணக்கும் இல்லை, வெறும் அயர்ச்சி.

“நான் இருந்தேன். நான்தான் அந்தப் பக்கம் பிடிச்சிருந்தேன். என் கைதான் நழுவிடுச்சு.”

படுக்கையிலிருந்து ஒரு முனகல் வந்தது. நெஞ்சோடு கட்டிய கட்டு உள்ளுக்குள் அசைய முயன்றது. விரல் நுனிகள் துடித்தன.

“என்ன சொல்றாரு?” என்றார் டிக் சார்.

“அக்காவுக்குத்தான் சார் புரியும்.”

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். படுக்கையில் கிடந்தவர் எல்லோரையும்விடக் கூர்மையாகப் பார்த்தார். இப்போது சொல்லிவிடலாம். ‘அவர் நில்லுன்னு சொன்னாரு, நான் நிக்கல’. ஐந்தாறு வார்த்தைதான். அவள் வாய் திறந்தது.

“வலிக்குதுன்னு சொல்றாரு சார்.”

டிக் சார் எழுதி முடித்தார். மகள் கையெழுத்துப் போட்டாள், இந்தத் தடவை உட்கார்ந்து. பிறகு அவர் பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்து, கட்டில் தலைமாட்டில் கட்டினார். ‘விழும் ஆபத்து அதிகம். படுக்கையில் மட்டும்.’

“இது எதுக்கு சார்?”

“குடும்பத்தார் கையில ஒரு தடவை விழுந்தாச்சுன்னா அதுக்கப்புறம் நாற்காலிக்கு மாத்தக் கூடாது. விதி. இனிமே அந்தப் பதினோரு மணிப் படமும் வேண்டாம்.”

“எத்தன நாளைக்கு?”

“நாள் எதுவும் போடலம்மா இதுல.”

“அவரு ஜன்னல்ல உக்காந்து பஸ்ஸு பாப்பாரு சார்” என்றாள் கண்டக்டரக்கா. “ஒரு மணி நேரந்தான். அது ஒண்ணுதான் அவருக்கு.”

“விழுந்துட்டாருல்ல? படுக்கையில இருந்தா விழ மாட்டாரு” என்றார். சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். கீழே இஸ்திரி மேசையைத் தாண்டித்தான் போனார். இஸ்திரிக்காரரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மகள் பச்சைத் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எனக்காகச் சொன்னீங்களாம்மா?”

“உங்களுக்காகவும்தான். எனக்காகவும்தான். நீங்க போயிட்டா திங்கக்கிழமை நான் யாரக் கூட்டிட்டு வருவேன்க்கா? வேலைய விட்டுட்டா ரெண்டு பேரும் எதத் தின்போம்?”

“அம்மா, அன்னிக்கு ஐயா கை…”

“வேணாம்.”

“இல்லம்மா, நான் சொல்லியே ஆகணும். தட்டினப்போ அவரு…”

“வேணாங்க்கா. சொல்லாதீங்க” என்று மகள் அவள் வாயைக் கையால் பொத்தினாள். கையில் துணிச்சாயத்தின் வாசனை. “எதுவா இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சா, அதையும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு உங்ககிட்டயே அப்பாவ விட்டுட்டுப் போகணும். என்னால முடியாது. தெரியாமலே இருக்கட்டும்.”

அடுப்பில் சோறு குழைந்துகொண்டிருந்தது. அக்கா எழுந்து போய்க் கிளறினாள்.

திங்கட்கிழமை, மகள் போன பிறகு, அவரிடமே சொன்னாள். கட்டிலருகே முட்டிபோட்டு, அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து.

“பாத்தேன் ஐயா. நியூட்ரல் போட்டத நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் தூக்கினேன். ஒரு சிவப்பு மார்க்குக்குப் பயந்துக்கிட்டு.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கேட்டாரா, கேட்க விரும்பவில்லையா, தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் அவருக்கு ஒரு கை இருந்தது, அது கட்டுக்குள் கிடந்தது.

ஆறு வாரமும் அவர் ஊமையாகவே கிடந்தார். முன்னே இருந்ததெல்லாம் ஊமைத்தனமே இல்லை என்று இப்போது தெரிந்தது. பசிக்கிறதா, போதுமா, சட்டி வேண்டுமா, எதுவும் அவளுக்குப் பிடிபடவில்லை. குத்துமதிப்பாகச் செய்தாள். உள்ளே விழுங்காத சோறு கடைவாயில் வழிந்தது. ஹாரன் இல்லாததால் விரிப்பு நாளுக்கு நாலு தடவை நனைந்தது. தெருமுனையில் பஸ் திரும்பும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் முகம் ஜன்னல் பக்கம் திரும்பும். அங்கே வானம் மட்டும்தான் தெரியும். ‘ச்சு’வும் நின்றுபோனது.

அசைய முடியாத கட்டு, ஓயாத ஈரம், ஜன்னலுக்குப் போகாத முதுகு. நாலாம் வாரம் இடுப்பெலும்புக்கு மேலே தோல் சிவந்தது, ஐந்தாம் வாரம் திறந்தது. குழந்தையின் தோல் என்று அவள் பெருமைப்பட்ட இடத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பள்ளம். தாளின் ஒன்பதாவது வரியில் டிக் அடிக்காமல் விட்டு, ‘புண் வந்திருக்கிறது’ என்று எழுதினாள். டிக் சார் கைபேசியில் கூப்பிட்டார்.

“அளவு எழுதணும்மா. நீளம், அகலம், ஆழம். அப்புறம் ரெண்டு மணிக்கு ஒரு தடவை கண்டிப்பாத் திருப்பிப் போடணும்.”

“நாற்காலியில உக்கார வச்சா ஆறிடும் சார்.”

“சிவப்பு அட்டை இருக்கேம்மா.”

கட்டுப் பிரித்த அன்று உள்ளேயிருந்து வந்தது அந்தப் பழைய கை இல்லை. தோல் உரிந்து, குச்சியாக, மணிக்கட்டில் ஒரு புடைப்போடு, வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. எலும்பு கூடிவிட்டது, பலம் வரும் வராமலும் போகும் என்றார் டாக்டர். இரண்டு நாள் அந்தக் கை படுக்கையில் விழுந்தே கிடந்தது. அவள் எண்ணெய் தடவி, விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். அது எழ வேண்டும் என்று ஏங்கினாள், எழுந்தால் என்ன சொல்லும் என்று பயந்தாள்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் எழுந்தது. நடுங்கி நடுங்கிக் குமிழைப் பிடித்தது. இடமும் வலமுமாக ஆடியது. சோறு வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கிண்ணத்தை வைத்துவிட்டாள். திருப்பிப் போடத் தட்டினாள், அதே ஆட்டம். முகம் துடைக்க ஈரத்துணியோடு வந்தாள், அதே ஆட்டம். ஒருவேளை நரம்பு போய்விட்டதோ, அந்தக் கைக்கு இனி இந்த ஒரு அசைவுதான் வருமோ என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். இரண்டு நாள் அந்தத் தேறுதல் தாங்கியது.

பிறகு திங்கட்கிழமை வந்தது. மகள் சாப்பாட்டு டப்பாவை இடுக்கிக்கொண்டு ஆறு கையெழுத்துப் போட்டாள். திருப்பிப் போடவும் இரண்டாம் நபர் வேண்டும் என்பதால் ஏழாவது வரி இன்னும் அப்படியேதான் இருந்தது. பேனாவைக் கொண்டையில் சொருகிக்கொண்டு வாசலுக்குப் போனவள், என்ன தோன்றியதோ, திரும்பி வந்து கட்டில் கம்பியில் டொக் டொக் என்று தட்டினாள்.

“ரைட், போலாமா டிரைவர் சார்?”

கை எழுந்தது. குமிழைப் பிடித்தது. இடது பக்கம் தள்ளி, மெல்ல, பிசகில்லாமல், மேலே ஏற்றியது.

முதல் கியர்.

“அக்கா! பாத்தீங்களா? கை வந்திருச்சுக்கா! அப்பா, அப்பா!” அவள் அவர் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். ஏழு வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். அவருடைய பாதி வாயும் சிரித்தது. “நான் போயிட்டு வந்துடறேன் அப்பா. அக்கா பாத்துக்குவாங்க.”

“பாத்துக்கறேம்மா.”

படியில் இறங்கும் ஓசை தேய்ந்தது. மணி எட்டு பத்து. தாளில் எட்டு மணி என்று போட்டிருந்தது. முதுகுப் பள்ளத்தில் இரவெல்லாம் பாரம் இருந்திருக்கும், கட்டாயம் திருப்பிப் போட வேண்டும். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போனாள். கம்பியைத் தொடக்கூட இல்லை. மகள் முத்தமிட்ட முகம் அவளைப் பார்த்ததும் இறுகியது, கை முதல் கியரிலிருந்து இறங்கி, இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. நில், அசையாதே. நரம்பில் ஒரு கோளாறும் இல்லை. அந்தக் கைக்கு எல்லாக் கியரும் நன்றாகவே ஞாபகம் இருந்தது.

அவள் இந்தத் தடவை நின்றுதான் பார்த்தாள், அவர் நிற்கச் சொன்னபடி, வெகுநேரம். கை ஆடி ஆடிக் களைத்தது, களைத்தும் ஆடியது. நின்றுகொண்டே இருந்தால் அந்தப் பள்ளம் எலும்பைத் தொட்டுவிடும்.

கம்பியில் தட்டுவதற்காக மடக்கிய விரல்களை அவள் நீட்டிக்கொண்டாள். தட்டினால் அல்லவா அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். விரிப்பு காலில் எங்கேயாவது சுற்றியிருக்கிறதா என்று மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, ஆடிக்கொண்டிருந்த கையை மெதுவாக விலக்கி வைத்து, இரண்டு கைகளையும் அவர் முதுகுக்கு அடியில் கொடுத்தாள்.